ஐந்து பத்து ரயில் வரைக்கும்

"அப்பா, அவங்க காலையில பத்து மணிக்கு வர்றாங்க. சாயங்காலம் அஞ்சு பத்து ரயில்ல மிலானுக்குத் திரும்பிடுவாங்க. ஏழு மணி நேரம். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு. என் கல்யாணம் உன் நாக்குலதான் இருக்கு."

என் மகள் எலெத்ரா இதைச் சொல்லும்போது என் மனைவி மிரெல்லா பக்கத்தில் நின்று, சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவள் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நாக்கை வைத்துத்தான் முப்பத்தொரு வருஷமாக இந்த வீட்டுக்குச் சோறு போடுகிறேன். பிளாரன்ஸில் லைசென்ஸ் வாங்கிய வழிகாட்டி நான். பெயர் வாஸ்கோ. ஆர்னோ ஆற்றின் தென்கரையில், ஸான் பிரெதியானோ பேட்டையில் பிறந்தவன், இன்னும் அங்கேயே இருப்பவன். எங்கள் பேட்டைக்காரனுக்கு வாய் நீளம் என்பது ஊருக்குத் தெரியும். எனக்கு அதிலும் நீளம் என்பது பேட்டைக்குத் தெரியும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டதில்லை. என் வாயால் கெட்டது என் மகள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சம்பந்தி வந்தார், வெரோனாக்காரர். மூன்று விரல் தடிமனில் நெருப்பில் காட்டி, உள்ளே சிவப்பாகவே கொண்டுவந்து வைக்கும் எங்கள் ஊர் மாட்டிறைச்சியைப் பார்த்துவிட்டு, "இதை நல்லா வேகவச்சுக் கொண்டு வரச் சொல்லுங்க" என்றார். பிளாரன்ஸில் பிறந்த எவனாலும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. "அதுக்கு உங்க செருப்பைக் கழட்டிக் குடுங்க, வேகவச்சுத் தரச் சொல்றேன்" என்றேன். கல்யாணம் நின்றது. எலெத்ரா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது அவளுக்கு முப்பத்துநாலு வயது. யாகொப்போ நல்ல பையன், ரோட்டர்டாமில் வேலை, இன்றைக்கு வர முடியவில்லை. அவனைப் பெற்றவர்களை நாங்கள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"இன்னொண்ணு" என்றாள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "டூரிஸ்டுக்கு வீடு விடறதைப் பத்தி ஒரு வார்த்தை கூடாது. நெடோ மாமா விஷயத்தை எடுக்கவே எடுக்காதே."

"அவங்க மிலான்காரங்க. நெடோ விஷயம் அவங்களுக்கு என்ன தெரியும்?"

"சொன்னாக் கேளேன்பா."

நெடோ என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். எங்கள் பேட்டை முக்கில் குடல் ரொட்டிக் கடை வைத்திருக்கிறான். மாட்டின் நாலாவது வயிற்றைச் சாறில் மணிக்கணக்காக வேகவைத்து, பொடிப்பொடியாக நறுக்கி, ரொட்டிக்குள் வைத்து, மேல் ரொட்டியைச் சாறில் ஒரு முக்கு முக்கித் தருவான். கடையை ஒட்டி அவன் குடியிருக்கும் கட்டடத்தை யாரோ ஒரு மிலான் கம்பெனி போன இலையுதிர்காலத்தில் வாங்கியது. ஆறு வீட்டில் ஐந்து காலி. ஒவ்வொரு கதவு ஓரத்திலும் டூரிஸ்டுக்குச் சாவி வைக்கிற எண் பூட்டுப் பெட்டி, சிரங்கு மாதிரி. நெடோவும் அவன் மனைவி யோலேயும் மட்டும் இரண்டாம் மாடியில் மிச்சம். யோலேக்கு இடுப்பு எலும்பு போய்விட்டது. லிஃப்ட் நாலு மாதமாக ஓடவில்லை. போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போக அவளை நாற்காலியோடு நானும் நெடோவும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். வியாழக்கிழமை நகராட்சி அதிகாரி அம்மாள் வருகிறாள், பேட்டைக் கூட்டம். பேட்டை சார்பாகப் பேசப்போவது நான். அதற்கு முந்தைய இரண்டு கூட்டத்திலும் நான்தான் பேசினேன். "அந்த மிலான் நாய் என் முன்னால வந்து நிக்கட்டும், அவன் வாயிலேயே சாவிப் பெட்டியை மாட்டறேன்" என்று நான் சொன்னதற்கு எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சரி. ஏழு மணி நேரம்தானே. வாயைத் தைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

யாகொப்போவின் அப்பா எர்மான்னோ மொரேஸ்கி குளியலறைக் குழாய் செய்து விற்றுப் பெரிய ஆளானவர். ஒட்ட வெட்டின வெள்ளை முடி, மேலே ஒரு துளி வேர்வை இல்லை. அவர் மனைவி தொனாத்தெல்லா வெள்ளை லினன் உடையில், இறங்கியதிலிருந்து கைபேசியை முகத்துக்கு முன்னாலிருந்து இறக்கவே இல்லை. கன்னத்தோடு கன்னம் வைத்தோம். 'வாங்க சம்பந்தி' என்றேன். அந்த இரண்டு வார்த்தைக்கே மிரெல்லா என் முழங்கையைக் கிள்ளினாள்.

மே மாதத்துச் சனிக்கிழமை. என் ஊரை எனக்கே பார்க்கப் பிடிக்காத நாள். முந்தின ராத்திரி குடித்தவர்கள் கக்கியது தேவாலயப் படிக்கட்டில் காய்ந்து கிடந்தது, அதன் மேலேயே ஒருத்தி உட்கார்ந்து ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்தாள். ஐஸ்கிரீமா அது? சாயப்பட்டறைக் கழிவு மாதிரி நீலத்தில் மலையாகக் குவித்து வைத்திருக்கிறான், அதற்கு நாற்பது பேர் வரிசை. பழைய பாலத்தின் மேல் அடி எடுத்து வைக்க இடம் இல்லை. அடுத்தவன் அக்குளுக்குள் மூக்கை வைத்துக்கொண்டு நகர வேண்டியிருந்தது. கொடி பிடித்த ஒரு வழிகாட்டிப் பெண் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். அவளும் என் மாதிரிதான், இதே பீடையில் பிழைக்கிறவள்.

"எவ்வளவு உயிர்ப்பான ஊர்!" என்றார் எர்மான்னோ. "எங்க ஊர்ல இந்த அளவுக்குக் கூட்டம் வராது. ஒவ்வொரு ஆளும் ஒரு படுக்கை. கணக்குப் போட்டுப் பாருங்க சம்பந்தி."

"ம்" என்றேன்.

பாலம் தாண்டியதும் தொனாத்தெல்லா ஒரு கடையில் நின்றுவிட்டார். எங்கள் ஊரின் பேர்பெற்ற அம்மணச் சலவைக்கல் சிலையை, கழுத்துக்குக் கீழே முழங்கால் வரைக்கும், அச்சடித்த சமையல் ஏப்ரன்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஐந்நூறு வருஷமாக உலகம் தலை நிமிர்ந்து பார்த்த சிலை. அதன் இடுப்புக்குக் கீழே உள்ளதைத் தொப்பைக்காரர்கள் கட்டிக்கொண்டு வெங்காயம் வதக்குகிறார்கள். "ஐயோ, எவ்வளவு தமாஷா இருக்கு!" என்று ஒன்றை வாங்கி, பையில் போட்டு, என் கையில் கொடுத்தார். "உங்களுக்குத்தான். நம்ம குடும்பத்தோட முதல் அன்பளிப்பு."

எலெத்ரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரொம்ப நன்றி" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

பதினொன்றரைக்குக் கார்மினே தேவாலயத்துச் சுவரோவியத்துக்குச் சீட்டு எடுத்திருந்தேன். அந்த மண்டபத்துக்குள் ஒரு தடவைக்குக் கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள், அரை மணி நேரம்தான். நுழைந்ததும் இடது கைப்பக்கம் மேலே ஆதாமும் ஏவாளும். தோட்டத்திலிருந்து துரத்தியாகிவிட்டது. அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறான். அவள் வாயைத் திறந்து, தலையை மேலே தூக்கி, ஊளையிட்டு அழுகிறாள். அதை வரைந்தவனுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஆயிரம் தடவையும் அவள் வாய் என்னை ஏதோ செய்யும்.

"ஏன் இப்படி அழறா?" என்றார் தொனாத்தெல்லா.

மிரெல்லாவைப் பார்த்தேன். பேசலாம் என்று கண்ணால் அனுமதி கிடைத்தது. நான் எல்லா டூரிஸ்ட் கூட்டத்துக்கும் சொல்கிற வரியைச் சொன்னேன். "வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

எர்மான்னோ வாய்விட்டுச் சிரித்தார். காவலாளி திரும்பிப் பார்த்தான். "மேல பாருங்க, வாளோட ஒருத்தன் பறந்து வர்றான். எனக்கும் அப்படி ஒரு ஆள் வேணும் சம்பந்தி. உங்க பேட்டையிலதான் ஒரு கட்டடம் வாங்கியிருக்கேன், இன்னும் நேர்ல பார்க்கலை. ஆறு வீடு. அஞ்சு பேர் மரியாதையாப் போயிட்டாங்க. ரெண்டாம் மாடியில ஒரு கிழவன் மட்டும் அசைய மாட்டேங்கிறான். குடல் விக்கிறவனாம். பொண்டாட்டிக்கு நடக்க வராதாம். லிஃப்டை நிறுத்தி வச்சிருக்கேன். ரிப்பேர்னு ஒரு சீட்டு ஒட்டிட்டா சட்டம் ஒண்ணும் கேக்காது. அவளா ஒரு நாள் சொல்லுவா பாருங்க, போயிடலாம்னு."

இவ்வளவையும் அவர் ஏவாள் அழுகிற வாய்க்கு நேர் கீழே நின்று சொன்னார். குரலில் ஒரு கொடுமையும் இல்லை. குழாயில் ஒழுக்கு நிற்க வாஷர் மாற்றுவதைப் பற்றிச் சொல்வது போல இருந்தது.

யோலேயை நாற்காலியில் தூக்கி இறங்கினபோது ஒவ்வொரு படிக்கும் அவள் 'மன்னிச்சுக்க வாஸ்கோ, மன்னிச்சுக்க வாஸ்கோ' என்று சொன்னது காதில் கேட்டது. திரும்பி எலெத்ராவைப் பார்த்தேன். அவள் ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதுவும் பாதங்களை மட்டும். அவளுக்குத் தெரியும். காலையிலேயே தெரியும்.

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மிரெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை கிள்ளவில்லை. சும்மா பிடித்துக்கொண்டாள். முப்பத்துநாலு வயது, ஆறு மாத மௌனம், ரோட்டர்டாமில் ஒரு நல்ல பையன். வந்ததை மென்று விழுங்கினேன்.

சாப்பாட்டுக்கு ஆற்றங்கரையில் ஒரு நல்ல கடையில் மேஜை சொல்லி வைத்திருந்தேன். தொனாத்தெல்லா கேட்கவில்லை. "இங்க வந்து மேஜை போட்டுச் சாப்பிடறதா? அசல் குடல் ரொட்டி சாப்பிடணும். நான் பார்த்து வச்சிருக்கேன்" என்று கைபேசியை நீட்டினார். படத்தில் நெடோ கரண்டியோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"அங்க இன்னிக்கு லீவு" என்றேன்.

"திறந்திருக்குன்னு போட்டிருக்கே."

"அவன் சுத்தம் பத்தமா செய்ய மாட்டான்" என்றேன். என் சிநேகிதனைப் பற்றி நான் சொன்ன முதல் பொய். அதற்கும் பலன் இல்லை.

நெடோ எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான். "டேய் வாஸ்கோ! என்னடா, இன்னிக்குச் சட்டைக்கு இஸ்திரி எல்லாம் போட்டிருக்கே! யார் செத்துட்டாங்க?"

"எலெத்ராவோட மாமனார் மாமியார்" என்றேன்.

"செத்துட்டாங்களா?"

எலெத்ராவே சிரித்துவிட்டாள். நெடோ ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்கு வெளியே வந்து கை கொடுத்தான். "வாங்க, வாங்க. இவ எங்க மடியில வளர்ந்த பொண்ணு. இவ கல்யாணத்துக்கு ரொட்டி நான்தான். யாரு என்னன்னு சொல்லலையே?"

"மொரேஸ்கி" என்றார் தொனாத்தெல்லா, காசை எண்ணி வைக்கிற மாதிரி நிறுத்தி. "எர்மான்னோ மொரேஸ்கி, என் கணவர்."

நெடோ கடைக்குள் திரும்பிப் போனான். அண்டாவுக்குள் கரண்டியை விட்டு, கொஞ்ச நேரம் ஒன்றையும் எடுக்காமல் நின்றான். ஆவி அவன் முகத்தை மறைத்தது. பிறகு, "ரொட்டியை நனைக்கவா, காய்ஞ்சே வேணுமா?" என்றான்.

"நீங்க எப்படிச் சாப்பிடுவீங்களோ அப்படி" என்றார் எர்மான்னோ.

"நாங்க நனைச்சுதான் சாப்பிடுவோம்."

நறுக்கினான். பச்சைச் சட்னி தடவி, மிளகாய்க் காரம் விட்டு, ரொட்டியைச் சாறில் முக்கி, இரண்டு கையாலும் எர்மான்னோவிடம் கொடுத்தான். தொனாத்தெல்லா ஒரு கடி கடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். காகிதக் கைக்குட்டையில் துப்பி, மடித்து, கடைப் பலகையிலேயே நெடோவின் கண் முன்னால் வைத்தார். "மன்னிச்சுக்குங்க, வழுவழுன்னு இருக்கு. ரொட்டியிலயும் உப்பே இல்லை, ஆஸ்பத்திரி ரொட்டி மாதிரி."

எங்கள் ஊர் ரொட்டியில் என்றைக்கும் உப்பு கிடையாது. வேறு நாளாயிருந்தால் அந்த அம்மாளுக்கு ஒரு பிரசங்கமே கொடுத்திருப்பேன். நெடோ கைக்குட்டை உருண்டையை எடுத்துக் குப்பையில் போட்டான். "பழகாதவங்களுக்கு அப்படித்தான்" என்றான்.

எர்மான்னோ மட்டும் ரசித்துச் சாப்பிட்டார். சாறு மணிக்கட்டு வரை வழிந்தது, நக்கிக்கொண்டார். "பிரமாதம். இன்னொண்ணு குடுங்க."

அதை நறுக்கிக்கொண்டே நெடோ பேச ஆரம்பித்தான். "நல்லா சாப்பிடுங்க. இந்தக் கடை எத்தனை நாளைக்கோ தெரியாது. வீட்டைக் காலி பண்ணச் சொல்றாங்க. என் பொண்டாட்டி நாலு மாசத்துல ஆஸ்பத்திரிக்குப் போனதைத் தவிரத் தெருவைப் பார்க்கலை. லிஃப்ட் ஓடலை. ஒரு கூடையைக் கயித்துல கட்டி எறக்குவா, நான் கீழ இருந்து சாறு ஊத்தி அனுப்புவேன்." வெட்டுக்கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தான். "நம்ம வாஸ்கோதான் எங்களுக்கு வாய். அன்னிக்குக் கூட்டத்துல என்ன போடு போட்டான் தெரியுமா? டேய், என்னடா சொன்னே? அந்த வீட்டுக்காரன் முன்னால வந்து நின்னா என்ன செய்வேன்னே? உன் சம்பந்திக்குச் சொல்லேன்."

எர்மான்னோ மெல்லுவதை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கொஞ்சம் சுவாரசியமாகக்கூட இருந்தது போல. எலெத்ராவின் உதடு வெளுத்துவிட்டது. நெடோ கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான், அவசரமே இல்லாமல்.

"ரொட்டி நல்லா இருக்கு, நெடோ" என்றேன்.

என் கையில் ரொட்டியே இல்லை. நான் அன்று ஒன்றும் வாங்கவில்லை.

நெடோ தலையை ஒரு தடவை ஆட்டினான். இரண்டாவது ரொட்டியைச் சாறில் முக்கி எர்மான்னோவிடம் நீட்டினான். எர்மான்னோ அதையும் தின்று முடித்து, வாயைத் துடைத்து, ஐம்பது யூரோ நோட்டு ஒன்றைப் பலகையில் வைத்தார். நெடோ அதை ஒரு விரலால் திருப்பித் தள்ளினான். "வாஸ்கோ வீட்டு ஆளுங்ககிட்ட நான் காசு வாங்கறதில்லை."

எர்மான்னோ நோட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கூச்சமே இல்லை! தான் தெருவில் தள்ளப்போகிறவன் கையால் இரண்டு ரொட்டி வாங்கித் தின்றுவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு நடந்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எங்கள் ரொட்டியில்தான் உப்பில்லையே, அவருக்கு என்ன கடன்? ஆனால் அவரை மட்டும் சொல்லி என்ன? எனக்கு அவர் மேல் வந்த அருவருப்பில் பாதிக்கு மேல் என் பக்கமே திரும்பி நின்றது.

அதற்கப்புறம் இரண்டு மூன்று இடம் பார்த்தோம். எதைப் பார்த்தோம் என்று கேட்டால் தெரியாது. ஐந்து மணிக்கு ஸ்டேஷனில் எர்மான்னோ என்னைக் கட்டிக்கொண்டார். அவர் வாயிலிருந்து நெடோவின் பச்சைச் சட்னி வாசம் என் கன்னத்தில் அடித்தது. "உங்களுக்குப் பயங்கர வாய்னு பையன் சொன்னான். பயந்துதான் வந்தேன். எவ்வளவு அமைதியான மனுஷர் நீங்க!" என்றார். குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கிழவனுக்கு உங்க மேல மதிப்பு இருக்கு போல. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கிளம்பிடுவான். யோசிங்க. கல்யாணத்தை செப்டம்பர்ல வச்சுக்கலாம்."

ரயில் போனது. ஐந்து பத்து. ஒரு நிமிஷம்கூடத் தாமதம் இல்லை.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"பிப்ரவரியிலேர்ந்து" என்றாள் எலெத்ரா. "நான் யாகொப்போகிட்டச் சொன்னேன். அவன் அவங்கப்பாகிட்டச் சொன்னான். கேட்கலைப்பா. நான் என்ன செய்யட்டும்? சொல்லு, நான் என்ன செய்யட்டும்?" பிளாட்பாரத்தில் எல்லாரும் பார்க்க அழுதாள். மிரெல்லா அவளைக் கூட்டிக்கொண்டு டிராமுக்குப் போனாள். நான் நடந்தே வருகிறேன் என்றேன்.

நெடோ கடை மூடிக்கொண்டிருந்தான். அண்டாவைச் சாய்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தவன், நிமிராமலே பேசினான். "போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க." இப்போது என் வாய்க்குக் காவல் இல்லை. ஏழு மணி நேரம் முடிந்துவிட்டது. "நெடோ, அந்த ஆள் யாருன்னு…"

"தெரியும்டா." கையைத் துடைத்து, ஏப்ரன் பையிலிருந்து நாலாய் மடித்த கடிதத்தை எடுத்துப் பலகையில் வைத்தான். ஓரமெல்லாம் எண்ணெய். "செவ்வாய்க்கிழமை வந்தது. இதுல வெறும் கம்பெனி பேரோட விடலை. கீழ பாரு, ஆளே கையெழுத்துப் போட்டிருக்கான். வியாழக்கிழமை நீ படிக்கணுமேன்னு பையிலயே வச்சிருக்கேன்."

எர்மான்னோ மொரேஸ்கி. பெரிய, தெளிவான கையெழுத்து.

"தெரிஞ்சுமா ரெண்டு ரொட்டி குடுத்தே?"

"நம்ம பொண்ணோட மாமனார். பசியோட அனுப்பவா முடியும்?" கடிதத்தைத் திரும்ப மடித்தான். "உன்கிட்டக் கேட்டேன். ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம்னு தோணுச்சு. நீ பேசியிருந்தா நானே உன் வாயைப் பொத்தியிருப்பேன், அவ கல்யாணம் கெடக்கூடாதுன்னு. சத்தியமா பொத்தியிருப்பேன். அந்த வேலையை நீ எனக்கு வைக்கலை."

"வியாழக்கிழமை பேசறேன் நெடோ. பேர் சொல்லிப் பேசறேன். கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும்."

அவன் என்னை வெகுநேரம் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையிலிருந்த பையிலிருந்து ஏப்ரன் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, இடுப்புக்குக் கீழே உள்ள பாகம்தான். அதையும் பார்த்தான்.

"நீ பேச வேண்டாம்" என்றான். "யோலே பேசறேன்னு சொல்லிட்டா. மத்தியானம் ஜன்னல்லேர்ந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுதான் இருந்தா." கடைக் கதவைக் கீழே இழுத்துப் பூட்டினான். "ஆனா அவளைக் கீழ இறக்கணும். நாற்காலிக்கு இன்னொரு ஆள் வேணும். வியாழக்கிழமை ஏழு மணிக்கு வந்துடு. தூக்கறதுக்கு நாக்கு வேண்டாம்."

அண்ணாந்து பார்த்தேன். இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடை இறங்கிக்கொண்டிருந்தது. நெடோ போய்க் கையிலிருந்த மிச்சச் சாறுப் பாத்திரத்தை அதில் வைத்தான். நான் கிட்டப் போய் யோலேயைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். கூடை மேலே ஏறியது. ஜன்னல் சாத்திக்கொண்டது.